சிறிய கார் ஒர்க்‌ஷாப்பின் கழிவுக் கணக்கு: எதற்குப் பணம் வரும், எதற்குப் போகும்

புதிதாக ஒர்க்‌ஷாப் போடுகிறவர்கள் லிஃப்ட், கம்ப்ரசர், ஸ்கேனர், கடை அட்வான்ஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். கழிவுக்கு மட்டும் அதில் ஒரு வரி இருக்காது. பழைய ஆயிலை எடுக்க ஆள் வருவார், மற்றதைக் காயலான் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். சட்டப்படி செய்தால் கட்டுப்படியாகாது என்ற பேச்சும் தொழிலில் உண்டு. தமிழ்நாட்டில் மாதம் 60 கார் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. செலவு உண்டுதான். அதில் பெரிய பங்கு வண்டி வாடகை. அடுத்தது, கண்டதையும் ஒன்றாகப் போட்டதால் ஏறிய எடை. இரண்டையும் குறைக்க வழி இருக்கிறது.

முதல் வேலை: ஒரு மாதம் அளந்து எழுதுங்கள்

எந்த விண்ணப்பமும் போடுவதற்கு முன் ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை ஆயில் சர்வீஸ், எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை ஃபில்டர், துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி எத்தனை கிலோ வாங்கினீர்கள், கூலன்ட் எவ்வளவு இறங்கியது. 60 காரில் 40 காருக்கு ஆயில் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். சின்ன பெட்ரோல் காரில் மூன்றரை லிட்டர் சுமார், பெரிய டீசல் வண்டியில் ஆறு ஏழு லிட்டர் வரை. சராசரி 4 லிட்டர் என்றால் மாதம் 160 லிட்டர், வருடத்துக்கு 1,920 லிட்டர். பழைய ஆயில் லிட்டருக்குச் சுமார் 0.88 கிலோ, ஆக வருடத்துக்கு 1.7 டன்.

இந்த டன் கணக்கு எதற்கு என்றால், 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் அந்த மொழியில்தான் பேசும். விதிப்படி கழிவை 90 நாளுக்கு மேல் இடத்தில் வைத்திருக்கக் கூடாது. வருடம் 10 டன்னுக்குள் கழிவு வருகிற சின்ன இடங்களுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தக் காலத்தை 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். நீங்கள் அந்தச் சின்ன இடம்தான். நீட்டிப்பைக் கேட்டு வாங்குங்கள்: கேட்காவிட்டால் கழிவு வண்டி வருடத்துக்கு நான்கு நடை, கேட்டால் இரண்டு. வண்டி வாடகையில் பாதி அங்கேயே மிச்சம்.

வாரியத்தின் தாள்கள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் வாங்கும் இசைவாணை, அதாவது தொழிலை நடத்த அனுமதி. கார் சர்வீஸ், ரிப்பேர், பெயின்டிங் மூன்றையும் மத்திய வாரியம் 2016-இல் வெளியிட்ட, மாசின் அளவுப்படி தொழில்களை நிறவாரியாகப் பிரிக்கும் பட்டியலில் ஆரஞ்சு வகையில் வைத்தது. விண்ணப்பிக்கிற அன்று நடப்பில் உள்ள வகையை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் அந்த வகையையும் உங்கள் மொத்த முதலீட்டு மதிப்பையும் பொறுத்தது. இரண்டாவது, அபாயகரமான கழிவுக்கான அங்கீகாரம். படிவம் 1-இல் விண்ணப்பம். கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். உள்ளாட்சியின் தொழில் உரிமம் தனி.

படிவம் 1-இல் கழிவின் வகை எண்ணையும் வருட அளவையும் எழுதச் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்புக்குத் தேவைப்படும் எண்கள் சிலவே: பழைய ஆயில் 5.1, ஆயில் கலந்த கசடு 5.2, ஆயில், ரசாயனம் ஒட்டிய காலி டப்பாக்கள் 33.1, ஆயில் துடைத்த துணி 33.2. பெயின்ட் பூத் இருந்தால் பெயின்ட் கசடும் தின்னர் கழிவும் சேரும்.

இங்கே நிறையப் பேர் சறுக்குவது அளவில். குறைவாகக் காட்டினால் நல்லது என்று நினைத்து வருடத்துக்கு அரை டன் ஆயில் என்று எழுதிவிடுவார்கள். பிறகு ஒழுங்காக 1.7 டன் அனுப்பினால் அதுவே அங்கீகாரத்தை மீறியதாகிவிடும். அரை டன் மட்டும் அனுப்பினால் மீதி எங்கே என்ற கேள்வி. அளந்து எழுதிய நோட்டில் இருப்பதோடு கால் பங்கு கூட்டி எழுதுங்கள், போதும்.

பிரிப்பது: காசு இங்கேதான்

ஒர்க்‌ஷாப் கழிவில் கையில் காசு தருவது பழைய ஆயில், பேட்டரி, இரும்பு. மற்றதெல்லாம் நாம் காசு கொடுத்து அனுப்புவது. காசு தருவதில் காசு கேட்பது கலந்தால் முழுவதும் காசு கேட்கும் பொருளாகிவிடும். பையனை வேலைக்குச் சேர்க்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆயில் பேரலில் போகலாம் என்பவை: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில். போகவே கூடாதவை: கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, தண்ணீர். பிரேக் ஆயிலுக்கு ஆயில் என்று பெயர் இருப்பதால்தான் பையன்கள் அதையும் ஊற்றுகிறார்கள். அது கிளைக்கால் வகைத் திரவம், தண்ணீரை இழுக்கும். அதற்கு ஒரு ஐந்து லிட்டர் கேனைத் தனியாக வையுங்கள், நிறைய மாதக்கணக்காகும். பெட்ரோலோ தின்னரோ சேர்ந்தால் ஆயில் எளிதில் தீப்பற்றும்; மறுசுத்திகரிப்பு ஆலைக்காரர் லோடையே திருப்பி அனுப்பலாம், போக வர வாடகை உங்கள் தலையில்.

தண்ணீர் எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் யாரும் ஊற்றாமலே அது வந்துவிடும். வெயிலில் நிற்கும் பேரல் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். மூடியின் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால், மூடி இறுக்கமாக இருந்தாலும் மரை வழியாக அந்தத் தண்ணீரைத்தான் இழுக்கும். ஒரு ஐப்பசி மழைக்குத் திறந்தவெளியில் விட்ட பேரலின் அடியில் பல லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆகவே பேரல் கூரைக்கு அடியில்தான் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால், ஒரு நீளமான கண்ணாடிக் குழாயையோ தெளிவான பிளாஸ்டிக் ஹோஸையோ அடிவரை விட்டு, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்குங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். கூலன்டோ சோப்புத் தண்ணீரோ கலந்து பால் போல் ஆகிவிட்டால் அப்படிப் பிரியாது. அதற்குச் சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

ஃபில்டர்: இன்ஜின் சூடாக இருக்கும்போதே கழற்றி, கூம்பியிருக்கும் பின்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு துளை போடுங்கள். வாய்ப்பக்கம் உள்ள ரப்பர் வால்வுதான் ஆயிலை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. பின்னால் காற்று நுழைந்தால் அது விட்டுவிடும். வாயைக் கீழே வைத்துக் கம்பி வலைமேல் ஒரு முழு நாள் விடுங்கள். ஒன்றுக்கு 150 மில்லி என்றாலும் 40 ஃபில்டருக்கு 6 லிட்டர் ஆயில் பேரலுக்கு வரும், கழிவின் எடையும் அந்த அளவு குறையும். வடியாத ஃபில்டரைக் காயலான் கடையில் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு: அவர் அதை வெட்டும் இடத்தில் கொட்டுகிற ஆயிலும் உங்களுடையதுதான்.

பனியன் வேஸ்ட், மரத்தூள்: இரண்டும் எடைக்குக் காசு கொடுத்து அனுப்புபவை. தரையில் ஆயில் கொட்டினால் உடனே மரத்தூளை அள்ளிக் கொட்டுவது வழக்கம். முதலில் ரப்பர் வைப்பரால் ட்ரேயில் தள்ளி எடுங்கள், பிறகு மிச்சமிருக்கும் ஈரத்துக்கு மட்டும் ஒரு பிடி தூள். துணியை மூடி உள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும், வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி. டீ கப், பார்சல் கவர், பழைய பாக்கிங் அட்டை எல்லாம் இதே டப்பாவில் விழுந்தால் அதற்கும் கிலோ விலை கொடுப்பீர்கள். பல கடைகளில் இந்த டப்பாவின் பாதி எடை சாதாரணக் குப்பைதான்.

பாகங்களை டீசலில் கழுவும் இடத்தில் இரண்டு ட்ரே வையுங்கள். முதல் அலசல் பழைய டீசலில், கடைசி அலசல் புதியதில். பழையதை ஒரு கேனில் இரண்டு நாள் அசையாமல் விட்டால் கசடு அடியில் தங்கும். மேலே உள்ளதைத் திரும்ப முதல் ட்ரேக்கு எடுக்கலாம். அனுப்ப வேண்டியது அடிக்கசடு மட்டும்.

கூலன்ட் இனிப்பானது, நச்சானது; சாக்கடையில் விட்டால் தெருநாய் குடிக்கும். தனிக் கேன். வாட்டர் பம்ப் மாற்றும்போது இறங்கும் கூலன்ட் புதியதாக, சுத்தமாக இருந்தால் சுத்தமான ட்ரேயில் பிடித்து அதே வண்டிக்கு ஊற்றலாம். காலியான ஆயில் கேன்களை ஒரு புனல் ஸ்டாண்டில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அதில் வடிவது புது ஆயில், ஆயில் கேனுக்கே போகும்.

பேட்டரிக்குச் செலவே இல்லை. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆசிடை மட்டும் கீழே ஊற்றாதீர்கள், எடை குறையும், தரையும் போகும். டயரும் அப்படியே கொடுத்த கடைக்கே. ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடுவது இன்னும் நடக்கிறது. ரெகவரி மெஷின் வாங்க முடியாதவர்கள் அந்த வேலையை மட்டும் ஏசி கடைக்கு அனுப்புங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்

90 நாளுக்குச் சேரும் பழைய ஆயில் 480 லிட்டர், அதாவது 210 லிட்டர் பேரல் மூன்று. 180 நாள் நீட்டிப்பு கிடைத்தாலும் ஆயிலை 90 நாளுக்கு ஒருமுறை கொடுத்துவிடலாம், அதற்கு வாங்குபவரே வண்டி அனுப்புவார். சிமென்ட் தரையில் ஆறடிக்கு நான்கடி, எட்டு அங்குல உயரத்துக்கு ஒரு வரப்புச் சுவர் கட்டிப் பூசுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 453 லிட்டர். மூன்று பேரலும் நிற்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 290. மிகப் பெரிய பாத்திரத்தின் கொள்ளளவில் 110 சதவீதம், அதாவது 231 லிட்டர், தாங்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. அதற்கு இது போதும். வரப்புக்குள் வடிகால் துளை வைக்கக் கூடாது. கழுவ வசதி என்று கொத்தனார் வைத்துவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒவ்வொரு பேரலிலும் படிவம் 8-இன்படி லேபிள்: பளிச்சென்ற மஞ்சள் பின்னணி, அபாயகரமான கழிவு, கவனமாகக் கையாளவும் என்ற வார்த்தைகள் சிவப்பில், தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும். தாளில் அடித்து ஒட்டினால் ஒரு வாரத்தில் ஆயில் குடித்துவிடும். ஃப்ளெக்ஸ் கடையில் வினைல் ஸ்டிக்கராக அடித்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் வாஷ் இருந்தால் மூன்று அறை ஆயில் பிரிப்புத் தொட்டி வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் குழாய் மேல்மட்டத்தில் அல்லாமல் அடியிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் மிதக்கும் ஆயில் பின்தங்கும். பொதுச் சாக்கடைக்குப் போகும் நீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டி சரியாகக் கட்டியும் இந்த அளவு தவறுகிறதென்றால் பெரும்பாலும் காரணம் சோப்பு. கடுமையான டிகிரீசர் ஆயிலைத் தண்ணீரோடு கரைத்துவிடும், கரைந்தது மிதக்காது. இன்ஜின் வாஷ் தண்ணீரைத் தொட்டிக்கே விடாமல் ட்ரேயில் பிடிப்பது நல்லது.

எடுக்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

டாடா ஏஸில் கேனோடு வந்து ரொக்கம் கொடுத்து ஆயிலை வாங்கிப் போகிறவர் நல்ல விலையே தருவார். அந்த ஆயில் செங்கல் சூளைக்கும், தார் கலக்கும் இடத்துக்கும், சென்ட்ரிங் பலகையில் பூசவும் போகிறது. சில இடங்களில் வடிகட்டிப் புது கேனில் அடைபட்டு உங்கள் வாடிக்கையாளர் வண்டிக்கே திரும்புகிறது. அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்தால் சேதத்துக்கான பொறுப்பு கழிவை உண்டாக்கியவரிடமே நிற்கும் என்பது விதி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம். மீறல் தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம் கூடுதல்.

ஆகவே முதல் தடவை வருபவரிடம் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வாரிய அங்கீகாரத்தின் நகல், அதில் 5.1 இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையே, வண்டி எண் அனுமதிக்கப்பட்டதா. சேகரிப்பு முகவர் என்றால், பழைய ஆயிலுக்கான தயாரிப்பாளர் பொறுப்புத் திட்டத்தின் கீழ் மத்திய வாரியத்தின் தளத்தில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சேகரிப்பு முகவர்களும் பதிய வேண்டும்.

விலை பேசும்போது லிட்டருக்கா கிலோவுக்கா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 28 ரூபாய் என்பது லிட்டருக்கு 24 ரூபாய் 64 காசுதான். லிட்டருக்கு 26 தருகிறவரை விட்டுவிட்டு 28 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவது சகஜம்.

கழிவு வண்டி ஏறும்போது படிவம் 10, அதாவது கழிவோடு கூடவே போகும் மேனிஃபெஸ்ட் தாள். தாளில் என்றால் ஏழு நகல், ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளை நீங்கள் வாரியத்துக்கு அனுப்புவது, மஞ்சள் வண்டிக்காரர் கையெழுத்தோடு உங்களிடம் இருப்பது. மற்றவை வண்டியோடு போகும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்புவது நீலம். நிறையக் கடைகளில் மஞ்சள் நகல் கட்டுக்கட்டாக இருக்கும், நீலம் ஒன்றுகூட இருக்காது. மஞ்சள், கழிவு கிளம்பியதற்கு மட்டுமே சாட்சி. போய்ச் சேர்ந்ததற்கு நீலம் வேண்டும். பதினைந்து நாளில் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள், அடுத்த லோடுக்கு அதுவரை சம்மதிக்க வேண்டாம்.

வருடக் கணக்கு

கீழே வரும் விலைகள் கணக்கு காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் கோட்டேஷனில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

துணி மாதம் 15 கிலோ, வருடம் 180. தொட்டிக் கசடு வருடம் 100. ஆக 280 கிலோ எரிப்புக்குப் போகிறது. கிலோ 30 ரூபாய் என்றால் 8,400. கும்மிடிப்பூண்டி போன்ற பொதுக் கழிவு நிலையத்துக்கு உறுப்பினர் கட்டணம் 5,000 என்று வைப்போம். வண்டி நடைக்கு 6,000, இரண்டு நடைக்கு 12,000. மொத்தம் 25,400. வருடம் 720 காருக்குப் பிரித்தால் காருக்கு 35 ரூபாய். மறுபக்கம் 1,920 லிட்டர் ஆயில் லிட்டர் 25 என்றால் 48,000 வரவு. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வாங்குபவர் பத்து சதவீதம் கழித்தால் அதில் 4,800 போய்விடும். துணியையும் கசடையும் எரிக்க ஆகும் 8,400-இல் அது பாதிக்கு மேல்.

பெரிய எண் எது என்று பார்த்தீர்களா? 12,000. 140 கிலோ துணிக்கும் கசடுக்கும் ஒரு லாரி வருகிறது. அதே தெருவில் இன்னும் மூன்று ஒர்க்‌ஷாப் இருந்தால் ஒரே நாளில் எடுக்கச் சொல்லி வாடகையை நான்காகப் பிரியுங்கள். உங்கள் பங்கு வருடத்துக்கு 3,000 ஆகும், காருக்கு 23 ரூபாய்க்குள் வந்துவிடும். இதில் ஒரு எச்சரிக்கை: வண்டிதான் பொது. நான்கு பேரின் கழிவையும் ஒருவர் இடத்தில் கொண்டுவந்து சேர்த்து வைத்து ஒரே மேனிஃபெஸ்டில் அனுப்பக் கூடாது. அவரவர் வாசலில் எடை, அவரவர் பெயரில் படிவம். சேர்த்து வைப்பவரின் அங்கீகாரத்தில் மற்றவர் கழிவுக்கு இடமில்லை.

வண்டி காலையில் உங்கள் கடைக்கு முதலில் வருமாறு பேசிக்கொள்ளுங்கள். கடைசிக் கடையாக இருந்தால் இடம் போதவில்லை என்று அரை பேரலை விட்டுப் போவார்கள், நாள் எண்ணிக்கை உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

பில்லில் எப்படிப் போடுவது

காருக்கு 35 ரூபாயை லேபரில் சேர்ப்பதா, கழிவுக் கட்டணம் என்று தனி வரி போடுவதா என்பதில் கருத்து பலவிதம். தனி வரி போட்டால் வாடிக்கையாளர் பத்தில் ஒருவராவது கேட்பார், கேட்டால் விளக்க வேண்டும். லேபரில் சேர்ப்பதே சின்ன கடைக்கு நல்லது. ஃப்ளீட், கம்பெனி வண்டிகள் பார்ப்பவர்கள் தனி வரி போடலாம். அவர்களுடைய தணிக்கையில் அந்தத் தாள் தேவைப்படும், கேட்டு வாங்கவும் செய்வார்கள்.

பதிவேடு

படிவம் 3 என்பது நாள் பதிவேடு: என்ன கழிவு, எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது. பேரலில் ஆயில் ஊற்றும்போதெல்லாம் எழுத முடியாது. மாலை கடை அடைக்கும்முன் அளவுக்கோலை விட்டுப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். படிவம் 4 ஆண்டறிக்கை. மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கு ஜூன் 30-க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். ஆய்வுக்கு வருபவர் செய்கிற எளிய சோதனை இதுதான்: நீங்கள் புது ஆயில் வாங்கிய ஜிஎஸ்டி பில்களைக் கூட்டுவார், மேனிஃபெஸ்டில் போன ஆயிலைக் கூட்டுவார். 2,000 லிட்டர் வாங்கி 600 லிட்டர் அனுப்பியிருந்தால் வேறு ஆதாரம் அவருக்குத் தேவையில்லை. இன்ஜின் எரித்தது, ஒழுகியது என்று கொஞ்சம் குறையலாம். அதனால் ஜூன் வரை காத்திருக்காமல் மாதக் கடைசியில் இந்த இரண்டு எண்களையும் நீங்களே ஒப்பிட்டு, வித்தியாசம் பெரிதாக இருந்தால் எந்த பேரலிலிருந்து யார் கேனில் எடுத்துப் போனார்கள் என்று அந்த வாரமே விசாரியுங்கள்.